ஆர்வெல்லாவுக்கு ஆவி வந்ததாம்

நாற்பத்தேழாம் தெரு முனையில் ஆர்வெல்லா அக்கா பேச்சை நடுவில் நிறுத்தி, தாடையைத் தேய்த்துக்கொண்டாள். டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த சர்ச் பாடகர் குழுப் பெண்கள், அந்தக் காலத்துப் பாடகி ஒருத்தி குடியிருந்ததென்று அவள் காட்டிய மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைத்தான் பார்த்தேன். எங்கள் அப்பாவும் இப்படித் தாடையைத் தேய்த்துக்கொண்டேதான் ஒரு மத்தியானம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

சிகாகோவின் இந்தத் தெற்குப் பக்கத்தில் காஸ்பல் என்னும் எங்கள் கறுப்பர் சர்ச் பாட்டு வளர்ந்த இடங்களை ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கு நடந்தே சுற்றிக் காட்டுவது அக்காவுக்கு உயிர். இப்போது வெறும் புல் முளைத்துக் கிடக்கும் மனையின் முன் நின்று, இங்கே இருந்த சர்ச்சில் முதன்முதலாகப் பியானோவை உள்ளே கொண்டுவந்தபோது, சாராயக்கடைச் சங்கீதத்தையா ஆண்டவருக்குக் கொடுப்பது என்று பாதிப் பேர் எழுந்து போன கதையைச் சொன்னாள். இந்தப் பாட்டைச் சிகாகோ பெற்றுப் போட்டதோடு சரி, வளர்த்தது நாங்கள்தான் என்று டெட்ராய்ட்காரி ஒருத்தி சீண்டினாள். வழக்கமாக அக்கா அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று சும்மா சிரித்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. எனக்குப் பயம் இன்னும் கூடியது.

ஓரமாக இழுத்துப்போய், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"சர்ச் வரைக்கும் இவங்கள கொண்டுபோய் விட்டுடறேன்டீ. கொயர் ஆண்டு விழா, எனக்காக உக்காந்திருப்பாங்க. ஒரு பாட்டு. அப்புறம் நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

அவள் பிடித்தால் பிடித்ததுதான். பின்னாலேயே நடந்தேன், அவள் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு.

எங்கள் சர்ச் ஒரு பழைய செருப்புக்கடையில் நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஆர்கன்காரர் கிளியோத்தா அண்ணன் அக்காவுக்காக ராகத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா மைக்கைப் பிடித்து இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் குரல் நின்றது. "அவசரமில்ல சிஸ்டர், நிதானமாப் பாடு" என்று கூட்டம் தாங்கிப் பிடித்தது. யாருக்குக் குரல் உடைந்தாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அக்கா ஒரு கையை மேலே தூக்கினாள், அப்படியே சாய்ந்தாள்.

சர்ச் முழுக்க எழுந்து கைதட்டியது. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதாம்! கிளியோத்தா அண்ணன் ஆர்கனை வேகமாக்கினார். ஆவி வந்து விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைச் சீருடைப் பெண்கள் ஓடிவந்து, அக்காவின் கால்மேல் துணி போர்த்தி விசிறினார்கள். டெட்ராய்ட்காரிகள் இருந்த இடத்திலேயே ஆடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனையோ பேர் இப்படி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்ததைப் பார்த்தவர்கள்.

ஆனால் என் அக்கா ஒருநாளும் விழுந்தவள் இல்லை. "எனக்கு ஆவி வந்தா நின்னுக்கிட்டே பேசிக்குவேன், தரையெல்லாம் யாரு தொடைக்கறது" என்று கேலி பேசுகிறவள். நான் கத்தினேன். என் கத்தலையும் அல்லேலூயாவில் சேர்த்துக்கொண்டார்கள். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துப் போய், கிளியோத்தா அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் ஆர்கனிலிருந்து பிடுங்கினேன்.

"ஆவி இல்லண்ணே. அவ செத்துக்கிட்டிருக்கா."

சட்டென்று அடங்கியது. சீருடைப் பெண்களில் இமோஜீன் மட்டும் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அக்காவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். விசிறியை எறிந்தாள். யாரோ போனில் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னார்கள். இமோஜீன் மண்டியிட்டு, இரண்டு கையையும் அக்காவின் நெஞ்சில் வைத்து அமுக்கத் தொடங்கினாள்.

"எனக்கு வேகம் குறையக் கூடாது. காலால தாளம் போடுங்க. விட்றாதீங்க."

முதலில் டெட்ராய்ட்காரிகளின் கால்கள் தட்டின. பிறகு சர்ச் முழுக்க. பாட்டு இல்லை, ஆர்கன் இல்லை. அந்தச் செருப்புக்கடைத் தரை மட்டும் அதிர்ந்தது. வெளியே சைரன் வருகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையை அடித்துக்கொண்டே, யாராவது ஒருத்தி களைத்துப்போய் நிறுத்திவிடுவாளோ என்று அத்தனை கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.