பாட்டோடு போய்வந்த பூனை

அந்தப் பாட்டு வானொலியில் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் பாட்டெழுதுபவரின் பூனை பத்து கிராம் குறைந்தது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தவள் அவர் மனைவி. அவள் பார்த்தால் தப்பாது.

பூனைக்கு அதிகாரி என்று பெயர். பதினொரு வருடமாக அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அதன் ஒப்புதலுக்குப் போனது. காகிதத்தின்மேல் படுத்தால் வரி தேறும். எழுந்து போனால் வரியை அடித்துவிடுவார். இத்தனை கெடுபிடியில் தேறிய பாட்டு ஒன்றுகூட எடுபடவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் வெறுத்துப்போய், அதிகாரி வந்து தன் மடியில் உட்காருவதையே பாட்டாக எழுதினார். கேட்டவர்கள் அதைக் காதலியைப் பற்றியது என்று நினைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. ஊரே அந்தப் பாட்டை முணுமுணுத்தது.

ஒலிப்பதிவு நடந்த அன்று மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால், பூனையைக் கூடையில் வைத்து எடுத்துப்போயிருந்தார். அது மைக் அடியில் படுத்துக்கொண்டு சுகமாகக் குர்குர் என்றது. ஒலிப்பதிவாளர் அதை மெஷின் இரைச்சல் என்று நினைத்து, நேரமாகிவிட்டதே என்று அப்படியே விட்டுவிட்டார். பாட்டுக்கு முடிவு வரியும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தொழிலில் அது சகஜம். பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, சத்தத்தை மெல்லக் குறைத்துவிடுவார்கள்.

பிறகு கடிதங்கள் வந்தன. பாட்டு ஒலிக்கும்போது மடியில் வெதுவெதுப்பாக ஏதோ உட்காருகிறது என்று ஒரு தையற்காரர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்த பெண் அசந்து தூங்கினாளாம். போர்வையில் சாம்பல் நிற முடி கிடந்ததாம். வீட்டில் அதிகாரியோ நாளுக்கு நாள் தேய்ந்தது. நாலு கிலோ ஒன்றரைக்கு வந்தபோது அதன் வயிற்றின் வழியே தரை தெரிந்தது.

"நிறுத்தச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "பாட்டு இல்லாம இத்தனை வருஷம் இருந்துட்டோம். இது இல்லாம என்னால முடியாது."

அவராலும் முடியாது. மனு எழுதிக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் போனார். வாசலில் காவலாளி அந்தப் பாட்டைக் கேட்டபடி தன் வெறும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனுவைப் பையிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மனைவி அவரை அழவிட்டு யோசித்தாள். "போறதுக்கு வழி எழுதினீங்க. திரும்பி வர்றதுக்கு எங்க எழுதினீங்க? பாட்டை முடிக்காம தேய விட்டுட்டீங்க, அதுவும் கூடவே தேயுது."

அவர் இரண்டு நாள் எழுதினார். எந்த வரியையும் அதிகாரி சீந்தவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், மனைவி தினமும் கொல்லைக் கதவருகே நின்று கூப்பிடுவதையே எழுதிவைத்தார்: 'வா, சாப்பாடு ஆறுது.' நிற்கத் தெம்பில்லாத அதிகாரி ஊர்ந்து வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

மறுபடி ஒலிப்பதிவு வைத்து, அந்த வரியை மனைவியே மைக்கில் சொல்லிக் கூப்பிட்டாள். பாட்டு அதோடு நின்றது. நிலையத்தில் பழைய நாடாவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அன்றிலிருந்து அதிகாரி பாட்டோடு போய், பாட்டு முடிந்ததும் வந்துவிடும். சில நாள் மருந்து வாடையோடு வரும், சில நாள் வாலில் தையல் நூலோடு. நாலு கிலோவும் திரும்பியது.

பத்தொன்பதாம் வயதில், எந்தப் பாட்டும் ஒலிக்காத ஒரு மத்தியானம், அது தூக்கத்திலேயே செத்துப்போனது. கொல்லையில் புதைத்தார்கள். ஒரு வாரம் வானொலியைத் தொடவில்லை. எட்டாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. இருவரும் சமையலறையில் நின்று கேட்டார்கள். பாட்டின் கடைசியில், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் தன் குரலே மனைவிக்குக் கேட்டது. அடுத்த நொடி, காலியாக இருந்த தராசின் முள் அசைந்து நாலு கிலோவில் நின்றது.

மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, பால் இருக்கா பாருங்க," என்றாள்.

அவர் பார்க்கப் போனார்.