இடது கையில் எட்டு மணி

“ரெண்டும் வேணும் சார்” என்று சந்தனமாரி கேட்டபோது பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாலை நாலரை மணி. மடியில் உட்கார்ந்திருந்த அவள் மகள் கங்காவின் இடது கையில் இரவு எட்டு. ரெண்டும் வேண்டும் என்று மட்டும் கேட்கவே கூடாது என்று, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்துப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கோதண்டம் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். “இன்னா கேட்டாலும் தலைய ஆட்டும்மா. ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் வோணும்னு வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ, பைலைத் தூக்கி மூலைல போட்ருவானுங்கோ.” சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தவள், உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

கங்கா பிறந்தது மறைமலை நகரில். அப்பா தோயுன் கொரியாக்காரன், ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு உற்பத்தி லைன் போட்டுக் கொடுக்க வந்தவன். சந்தனமாரி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதே கம்பெனியில் தரச்சோதனையில் நின்றுகொண்டே கொரிய மொழி படித்து மொழிபெயர்ப்பாளர் ஆனவள். குழந்தைக்குப் பிறந்த மண்ணால் ஒரு குடியுரிமை, அப்பன் வழியில் இன்னொன்று. அதன் இடது முழங்கைக்குக் கீழே மட்டும் கொரிய நேரம் மூன்றரை மணி முன்னால் ஓடுவதை நர்ஸ்தான் முதலில் கவனித்தாள். எடைக்கு அடுத்த வரியில் அதையும் எழுதி வைத்தாள். மாலை நாலரைக்கெல்லாம் அந்தக் கையில் இருட்டிவிடும். ஜனவரியில் நகக்கண்ணில் பனி உறையும். அவர்கள் வாடகைக்கு இருந்த வடக்குப்பட்டில் வீட்டுக்காரி செங்கமலம், கரண்ட் போனால் பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து குழந்தையின் இடது பக்கம் வைப்பாள். “ஃபிரிட்ஜு கணக்கா கீது, இந்தத் தொரை மவ கையி” என்பாள். ஆகஸ்டில் அது உதவாது. அங்கேயும் வெயில்.

கங்காவுக்கு மூன்று வயதானபோது ஒப்பந்தம் முடிந்து தோயுனைக் கொரியாவில் பூசானுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். சந்தனமாரி வேலையை விடவில்லை, தம்பி இன்னும் கல்லூரியில் இருந்தான். அன்றிலிருந்து, ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் கிளம்பும் ஐந்து மணிக்குக் கங்காவின் இடது கை தானாக மேலே உயர்ந்து, எதையோ பற்றிக்கொண்டதுபோல மூடிக்கொள்ளும். அங்கே அப்போது எட்டரை. ஓ.டி. முடிந்து தோயுன் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் நேரம். வெறுங்கையை நீட்டினால் மகளின் கை அதில் இருக்கும். பஸ் வரும்வரை பிடித்திருப்பான். கங்கா இங்கே வலது கையால் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

முழுப்பரீட்சை லீவுக்கு அப்பாவைப் பார்க்கப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டதில் விஷயம் வெளியே வந்தது. இந்த நாட்டில் இரண்டு கிடையாது. ஒன்றை விட்டுக்கொடுத்துக் கைரேகை வைக்க வேண்டும். எந்தக் கையை வைக்கிறார்களோ அந்தக் கையின் நாடு போய்விடும், கையும் மற்றக் கையின் நேரத்துக்கு வந்துவிடும். சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டு கையிலும் ஒரே மணி ஓடியிருக்க வேண்டும்.

அதிகாரி திருமலை கோபப்படவில்லை. “வலது கைய வெச்சிட்டீங்கன்னா ஓ.சி.ஐ. கார்டு குடுத்துருவோம்மா. எப்ப வேணா வரலாம், எவ்ளோ நாள் வேணா இருக்கலாம். ஓட்டு கெடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அவ்ளோதான்.”

“எங்க பக்கம் விவசாய நிலம் எங்க சார் மிச்சம் இருக்கு, வாங்குறதுக்கு?”

“சரி, அப்ப இடது கைய வைங்க.”

“அந்தக் கையத்தான் சார் அவ அப்பா பிடிச்சிருக்காரு. நான் எதையும் புதுசாக் கேக்கல. ரெண்டும் ஏற்கெனவே அவகிட்ட இருக்கு. பிடுங்காதீங்கன்னுதான் கேக்கேன்.”

பைல் வந்தால் ரேகை எடுத்தாக வேண்டும் என்றார் அவர். கங்காவின் இடது கட்டைவிரலை அவரே மெதுவாக ரேகை எடுக்கும் கண்ணாடியில் வைத்தார். திரையில் இரவு 8.20 என்று வந்தது. அலுவலக நேரம் முடிந்துவிட்டது, ரேகை ஏற்கப்படாது என்றது இயந்திரம். கண்ணாடியைத் துடைத்தார். விரலைத் துடைத்தார். 8.23. பிறகு 8.27. நான்காவது முறைக்கு அவர் விரலைத் தொடுவதற்குள் அந்தச் சின்னக் கை தானாக உயர்ந்து மூடிக்கொண்டது. சுவரில் ஐந்து மணி. கங்கா நாற்காலிக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். திருமலை அந்த மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“மெஷின் எடுக்கல” என்றார். “நீங்க வரலன்னு யாரும் சொல்ல முடியாது, வந்துட்டீங்க. ரேகை விழற வரைக்கும் பாஸ்போர்ட் வராது, அதையும் சொல்லிடறேன். இன்னொரு தேதி போடறேன். காலைல வந்தா மெஷின் ஒத்துக்கும். காலையா, சாயங்காலமா?”

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. கங்காவுக்கு இப்போது பத்து வயது. இதுவரை ஒன்பது தேதி போட்டாகிவிட்டது, ஒன்பதுக்கும் தவறாமல் போய்விட்டு வந்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை தோயுன்தான் விசா எடுத்து இங்கே வருகிறான். அலுவலகத்தில் அந்தக் கையைப் பற்றி யாரும் இப்போது கேட்பதில்லை.

திருமலை முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கும் சந்தனமாரி யோசிக்கவில்லை. “நாலரைக்கே போடுங்க சார்” என்றாள். சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் வலது கையைப் பிடித்து எழுந்தாள். இடது கையை வேறொருவர் பிடித்திருந்தார். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள்.