ஜன்னலில் தெரிந்த ஆள்

தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி தோண்டுவதுதான் என் வேலை. கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த வேன் டிரைவருக்கு எதிராக ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. கொலை நடந்த தெருமுனைக்கு எதிர் மாடியில் குடியிருந்த அக்கா, “ஜன்னல்லேருந்து முகத்தை நல்லாப் பார்த்தேன்” என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்.

பேசிப் பார்த்ததும், அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று புரிந்தது. அதனால் வாதாடவில்லை. கொலை நடந்த அதே அந்தி வேளையில், அவர் சமையலறை ஜன்னலில் அவரோடு நின்றேன். கீழே அதே தெருமுனையில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

“அது யாருக்கா?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “யாரோ வாட்டசாட்டமா நிக்கிறான். முகம் தெரியலையே.”

நான் போனில் கூப்பிட்டதும் அந்த ஆள் படியேறி வந்தார். வந்தவர் அக்காவின் சொந்தத் தம்பி.

“போலீஸ் போட்டோ காட்டினப்புறம்தான் எனக்கு அந்த முகமே மனசுல நின்னுச்சு” என்றார் அக்கா மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். “கோர்ட்டுக்கு நானே வந்து சொல்றேம்மா.”

சொன்னபடி வந்தார். குறுக்குக் கேள்விகளுக்கு அசரவே இல்லை. டிரைவர் விடுதலையான காலையில், சிறை வாசலில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். டிரைவரின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.