இடது தோளுக்கு வளைந்த கட்டை

ஒரு அம்மாளின் இடது தோளுக்கு என் தம்பி வாங்கிய விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தோளுக்குரியவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விலையைக் கேட்டுக் கோபப்பட அவருக்கு வழியில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி செய்வது என் பிழைப்பு. எல்லாம் சுடும் ஊசியைக் கழற்றி, இனிமேல் சுடாது என்று முத்திரை வாங்கிய துப்பாக்கிகள். பெட்டிக்குள் துப்பாக்கியின் உருவத்துக்கே மரத்தைக் குடைந்து வெல்வெட் ஒட்டுவேன். அந்தப் படுக்கையில் துப்பாக்கி இம்மிகூட ஆடக்கூடாது. ஆடினால் அது பெட்டி இல்லை, தொட்டில்.

பின்னால் இருக்கும் பட்டறை என்னுடையது. முன்னால் இருக்கும் கடையும் வாய்ப்பேச்சும் தம்பிக்கு. லைசென்ஸ் அவன் பெயரில் இருப்பதால் துப்பாக்கிகளைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டகத்தின் சாவியும் அவனிடம்தான். எங்கள் அப்பா மர வியாபாரி, அம்மா துணி வியாபாரி. சாப்பிடும்போது உப்பைக் கேட்டால்கூட ‘பதிலுக்கு என்ன தருவே?’ என்று கேட்கிற வீடு. அந்த வீட்டில் வளர்ந்தும் தம்பிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை: விற்பதற்கு முன்னால் சரக்கு நம்முடையதா என்று பார்த்துக்கொள்வது.

அந்த அம்மாளின் துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் அவருடைய மகள், ஒரு பல் டாக்டர். ஐம்பது வயதிருக்கும். போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எங்க அம்மாவோடது. தட்டைப் பறக்கவிட்டுச் சுடுவாங்களே, அந்தப் போட்டிக்கு இருபத்தாறு வருஷம் போனாங்க. கோப்பையெல்லாம் அண்ணனுங்க எடுத்துக்கிட்டாங்க. நான் இதைக் கேட்டேன்.”

தோளில் வைக்கிற மரப்பகுதியைக் கட்டை என்போம். அந்த அம்மாள் இடதுகைக்காரர். அதற்காகவே கட்டையை நீராவியில் வாட்டி அரை விரல் இடப்பக்கம் வளைத்திருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல லேசாகத் திரும்பியிருக்கும். வால்நட் மரம். புகைச் சுருள் மாதிரி ரேகை ஓடும் அபூர்வமான துண்டு.

டாக்டர் கட்டையின் வலது பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் போய், மரம் மங்கிக் கிடந்தது.

“அம்மாவோட கன்னம் பட்ட இடம். இருபத்தாறு வருஷம். எதைத் துடைச்சாலும் இதை மட்டும் துடைச்சுடாதீங்க. எனக்கு இதுதான் வேணும். மிச்சமெல்லாம் இரும்பு.”

“தொடமாட்டேன் டாக்டர். கண்ணாடியைத் திறந்ததும் இந்த இடம் கைக்கு எட்டுற மாதிரி படுக்க வைக்கிறேன்” என்றேன்.

சொன்னது என் வாய். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த கோபத்துக்கு அதுதான் முதல்.

துப்பாக்கியைக் காகிதத்தில் கிடத்திச் சுற்றிலும் பென்சில் ஓட்டினேன். வளைவுக்கு நாலு இடத்தில் அளவெடுத்தேன். அன்றைக்கே அது பெட்டகத்துக்குள் போயிற்று. மூன்று வாரம் காகிதத்தையும் அளவையும் வைத்தே குடைந்தேன். வேலை முடிந்ததும் துப்பாக்கியைக் கேட்டேன். “நாளைக்கு” என்றான் தம்பி. மறுநாள் “சாவி வீட்டுல” என்றான். அதற்கடுத்த நாள் காலையில், டாக்டர் நாலு மணிக்கு வருவதாகப் போன் செய்த பிறகுதான் துணியில் சுற்றிக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். வைத்துவிட்டு முன்பக்கம் போகாமல் நின்றான். வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் என் தம்பி நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

துப்பாக்கியைப் படுக்கையில் வைத்தேன். லொடக்.

ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுந்தது. தலையாட்டிப் பொம்மைகூட அவ்வளவு விசுவாசமாக ஆடாது.

“கோணலா வெட்டிட்டே போலிருக்கேக்கா” என்றான் தம்பி, மிகுந்த அனுதாபத்துடன். “பரவாயில்லை. அந்த ஓரத்துல நாலு சீவு சீவினா உக்காந்துடும்.”

துணியை முழுசாக விலக்கினேன். இரும்பு அதே இரும்பு, எண் அதே எண். மரம் மட்டும் வேறு. ரேகையே இல்லாத சப்பை மரம், கழுத்தருகே மச்சம் மாதிரி ஒரு கறுப்பு முடிச்சு. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கட்டிட காண்ட்ராக்டரின் துப்பாக்கிக்குப் பெட்டி செய்தேன். அதே கம்பெனி, அதே மாடல். அதன் கட்டையில் இருந்த முடிச்சு இது.

“டாக்டரோட கட்டை எங்கேடா?”

“எந்தக் கட்டை?”

“உன் மண்டைக்குள்ள இருக்கிறது இல்லை. மத்தது.”

சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தான். நான் உளியைக் கீழே வைக்கவில்லை. அதனால் சீக்கிரம் விஷயத்துக்கு வந்தான். காண்ட்ராக்டர் தன் பெட்டியை வாங்க வந்த அன்று பெட்டகம் திறந்திருந்ததாம். புகை ரேகையைப் பார்த்து மனுஷன் சொக்கிவிட்டாராம். ஒரு நீள போல்ட்டைக் கழற்றினால் கட்டை கையோடு வந்துவிடும். இதை அதிலும் அதை இதிலும் மாட்ட அரைமணி நேரம் போதும்.

“நம்பர் இரும்புலதானேக்கா இருக்கு? இரும்பு அவங்களோடதுதானே? பல் டாக்டருக்குப் பல்லு தெரியும், மரம் தெரியுமா? ரெண்டும் ஒரே மாடல். ஒரே மாடல்னா ஒரே அச்சுன்னு நினைச்சேன்.”

அதுதான் அவன் செய்த தப்பு. பதினாலு வருடம் துப்பாக்கிப் பெட்டி விற்றிருக்கிறான். ஒருநாளும் ஒரு கட்டையைப் பின்னாலிருந்து பார்த்ததில்லை. திருடத் தெரியாததற்காகவும் எனக்கு அவன்மேல் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? எங்கள் குடும்பத்தில் அரைகுறை வேலையை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை.

“பணம் எங்கே?”

“எழுபது இருக்கு. நாப்பதைக் காருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

“வண்டியை எடு. நீ நடந்துதான் வரணும், ஆனா நேரமில்லை.”

காண்ட்ராக்டர் வீட்டுக் கூடம் துணிக்கடை மாதிரி விளக்குகளால் எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

“வாங்கம்மா. நல்ல பெட்டி செஞ்சீங்க! கதவு அடிச்சாலே உள்ளே டக்கு டக்குனு ஆடுது. தம்பிகிட்ட சொல்லி ஒரு வாரமாச்சு.”

“உங்க மரத்தை உங்க துப்பாக்கியில மாட்டுனா ஆடாது சார்” என்று முடிச்சுக் கட்டையை நீட்டினேன். “மாத்திக்கலாம். உங்க பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்.”

“வித்தது வித்ததுதான். வேணும்னா விலை பேசலாம்.” கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “மூணு.”

“மூணு லட்சமா?”

“பின்னே, மூணு கத்திரிக்காயா?”

எனக்கு அவர்மேல் ஒரு நிமிடம் மரியாதைகூட வந்தது. மடியில் கனமில்லாதவன் மாதிரி உட்கார்ந்து மும்மடங்கு கேட்பதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது.

“ஸ்க்ரூட்ரைவர் இருக்கா சார்? கட்டைக்குக் கடைசியில ஒரு தகடு இருக்கு பாருங்க, அதைக் கழட்டுங்க. உள்ளே மரத்துல நம்பர் குத்தியிருக்கும்.”

கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார். பிறகு இரும்பைப் பார்த்தார். மறுபடி மரத்தை.

“நாளைக்கு நீங்க விக்கப் போனா வாங்கறவன் முதல்ல கழட்டுறது அந்தத் தகட்டைத்தான். மரமும் இரும்பும் ஒரே நம்பரா இருந்தது உங்க துப்பாக்கி. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குடுத்து அதைப் பாதி விலைக்கு ஆக்கியிருக்கீங்க. என் தம்பி உங்களுக்கு நல்ல சேவை பண்ணியிருக்கான்.”

காண்ட்ராக்டர் காலைக் கீழே இறக்கினார். அடுத்த ஐந்து நிமிடம் அவர் என் தம்பியைப் பேசியதை எழுத முடியாது. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நான் குறைத்திருக்க மாட்டேன். எண்பதுக்கே கட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பார், அவ்வளவு அவசரம் அவருக்கு. நான் பேரம் பேசவில்லை. திருட்டுப் பொருளுக்குப் பேரம் பேசினால் நானும் கூட்டாளி. எழுபதைத் தம்பியின் பையிலிருந்து எடுத்தேன். நாற்பதுக்குப் பட்டறைக்கு மரம் வாங்க வைத்திருந்த கணக்கில் செக் எழுதினேன். அவருடைய மரத்தை அங்கேயே மாட்டிப் பெட்டியில் வைத்தேன். ஆடவில்லை. “ம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரின் கட்டையைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் தானாக வலது பக்கம் போயிற்று. வழுக்கிக்கொண்டு ஓடியது.

கூடத்து விளக்கெல்லாம் அதில் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது.

“மங்கலா இருந்த இடம் எங்கேடா?”

தம்பி காண்ட்ராக்டரைப் பார்த்தான். காண்ட்ராக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அழுக்கா இருந்துச்சும்மா. தேய்ச்சுக் குடுன்னு நான்தான் சொன்னேன். கறையோட ஒரு லட்சம், கறை இல்லாம ஒரு லட்சத்துப் பத்துன்னு தம்பி சொன்னார்.”

இருபத்தாறு வருடக் கன்னத்தை என் தம்பி அரை ஷீட் உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, பட்டறைத் தரையில் ஊதிவிட்டிருக்கிறான். என் தரையில். நானே அதைப் பெருக்கியிருப்பேன்.

அடிக்கவில்லை. கையில் கட்டை இருந்தது; அடித்தால் கட்டைக்கு என்ன ஆகும் என்று பார்த்தேன், அவனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவன்தான் பேசினான்.

“அக்கா, நான் சொல்றதைக் கேளு. கொஞ்சம் எண்ணெய், ஒரு பழைய துணி, நைஸ் தாள். அரைமணி நேரத்துல அந்த இடத்தை நீ பழையபடி மங்க வெச்சுடலாம். உனக்குத் தெரியாத வேலையா? டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். நமக்கும் பேர் போகாது.”

கோபத்தில் பெரிய சங்கடம் இதுதான்: அவன் சொன்னது உண்மை. என்னால் முடியும். டாக்டரே கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி முடியும். பட்டறைக்குள் போய் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. மூடியைத் திருகும்போது தம்பி எனக்காகத் துணியை மடித்துக்கொண்டிருந்தான், பொறுப்பாக. அந்த மடிப்பைப் பார்த்ததும் குப்பியை அவன் காலடியில் எறிந்தேன்.

“நீ மரத்தைத்தான் வித்தே. இதைப் பண்ணினா அந்தம்மா தினமும் பெட்டியைத் திறந்து என் கைவேலையைத் தடவிட்டு, அம்மான்னு நினைச்சுக்கிட்டுப் போவாங்க. பெட்டகச் சாவியைக் குடுத்துட்டு முன்னால போய் நில்லு. அவங்க வந்ததும் நீயே உள்ளே கூட்டிட்டு வா.”

சாவியைக் கொடுத்தான். கட்டையை அதன் இரும்பில் மாட்டினேன். நாலு மணிக்கு டாக்டர் வந்தார். துப்பாக்கி படுக்கையில் அசையாமல் கிடந்தது. கண்ணாடியைத் திறந்து கையை வைத்தார்.

“கட்டிவிட்ட பொய்ப்பல்லு மாதிரி இருக்கு” என்றார் மெதுவாக.

சொன்னேன். எல்லாவற்றையும், விலையோடு. தம்பி சுவரோரம் நின்றான். நடுவில் ஒருமுறை “டாக்டர், தெரியாம...” என்று ஆரம்பித்தான்.

“வாயை மூடுங்க. வாயைத் திறக்கச் சொல்றது என் தொழில். நான் சொல்லும்போது திறந்தா போதும்.” என்னிடம் திரும்பினார். “மங்கலாக்கிக் குடுத்திருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் ஏன் செய்யலை?”

“தொடமாட்டேன்னு சொன்னேன்.”

“தொட்டாச்சே” என்றார்.

கைப்பையைத் திறந்து, பெட்டிக்குத் தரவேண்டிய பாக்கி இருபத்திரண்டாயிரத்தை எண்ணி மேஜையில் வைத்தார். நான் தள்ளினேன். திரும்பவும் என் பக்கம் தள்ளினார்.

“பெட்டி நல்லா இருக்கு. அதுக்கு உண்டானதை வாங்கிக்குங்க. இலவசமா எடுத்துட்டுப் போனா ஏதோ ஈடு கட்டின மாதிரி ஆயிடும். கணக்கு தீர்ந்துடும். தீர வேண்டாம். ரசீது போடுங்க.”

ரசீது போட்டேன். தேதியை இரண்டு தடவை எழுதினேன். பெட்டியை வண்டிவரை தூக்கிக்கொண்டு போனபோது ஒரு முனையை டாக்டரே பிடித்துக்கொண்டார். தம்பி கை நீட்டியதற்கு இருவருமே நிற்கவில்லை.

அன்றைய பேரேட்டில் எழுதியது இவ்வளவு:

பல் டாக்டர், பெட்டி. முன்பணம் பதினாறாயிரம், இன்று இருபத்திரண்டாயிரம். வரவு முழுசு.

காண்ட்ராக்டர். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் திருப்பிக் கொடுத்தாயிற்று. நேர்.

தம்பி. நாற்பதாயிரம் பற்று. மாதம் நாலாயிரமாகப் பத்து மாதம், அவன் பங்கில் பிடிக்கவும்.

பல் டாக்டரின் அம்மா. நாங்கள் தரவேண்டியது. தொகை எழுதவில்லை.