நாற்பதில் முப்பத்தெட்டு பேர்

இனப்பெருக்கம் பற்றிய அந்தப் பாடத்தை எங்கள் பள்ளியில் யாரும் நடத்தியதில்லை. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். உயிரியல் ஆசிரியை என்று சம்பளம் வாங்கிக்கொண்டு உடம்பைப் பற்றிப் பேசக் கூசினால் எப்படி? நான் தாவவில்லை. பத்தாம் வகுப்புக்கு நான்கு நாள், பூசி மெழுகாமல், எல்லாவற்றையும் அதனதன் பெயரைச் சொல்லியே நடத்தினேன். முதல் நாள் கடைசி பெஞ்சு முழுக்க மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தது. நான்காம் நாள் எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். எச்.ஐ.வி. உள்ளவர் பக்கத்தில் உட்காருவாயா, சேர்ந்து சாப்பிடுவாயா, நட்பாக இருப்பாயா. நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேர் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய அட்டையில் அந்த எண்ணை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். சரியான பதில் எது என்று தெரிந்தால் பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள். பதினாறு வருடமாக விடைத்தாள் திருத்துகிற எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

அந்த அட்டையை ஒருத்தி நம்பிவிட்டாள்.

ஒல்லியாக இருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பென்சில் என்று பெயர். அவளுக்கு எச்.ஐ.வி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு சித்திதான் வளர்த்தாள். தினமும் விழுங்குவது சத்து மாத்திரை என்றே ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கும் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளும் ரேடியோவும் ஒரே பெஞ்சு. ரேடியோ வாயை மூடாமல் பேசுகிறவள், அதனால் அந்தப் பெயர். ‘ஆம்’ போடாதவர்கள் இரண்டே பேர், அதில் தன் தோழி கட்டாயம் இருக்கமாட்டாள் என்று பென்சில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் சொல்லிவிட்டாள்.

ரேடியோ கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. மனசு தாங்காமல் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னாள். இரண்டே நாளில் பென்சில் மூன்று பேர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ரேடியோவும் இன்னொருத்தியும் வேறு பெஞ்சுகளில் நாலாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, மரியாதையாகக்கூடப் பேசினார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். அவள் அழுதாள்.

“பரவாதுன்னு நல்லாத் தெரியும் மிஸ். ஆனா நான் அவகூட உட்கார்ந்தா, எனக்கும் இருக்குன்னு நினைப்பாங்கல்ல?”

கோழை என்று அவளை மனதுக்குள் வைதுகொண்டு வந்தேன். என் லட்சணம் அடுத்த வாரம் தெரிந்தது.

பொதுத்தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. பென்சில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ஆய்வகத்தில் என் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாமா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெற்றோர்கள் வந்து சத்தம் போட்டிருந்ததால், அந்தப் பெண் தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று தலைமையாசிரியை நினைத்தார். ஆய்வகம் என் பொறுப்பு, என்னுடன் இருக்கட்டும் என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார். ஆசிரியர்கள் கூட்டத்தில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த கணக்கு ஆசிரியை, “உங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் இவ்வளவு அக்கறை?” என்றார். நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டேன். அன்று சாயங்காலம் நானே போய், வீட்டிலேயே படிம்மா, உன் நல்லதுக்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். சரிங்க மிஸ் என்றாள்.

தேர்வுக்கு அவள் வரவில்லை. முதல் தாள் முடிந்த கையோடு வீட்டைத் தேடிப் போனேன். சித்தி தையல்காரி. முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள் வெட்டிய துணியாகக் கிடந்தன. பென்சில் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சித்தி என்னை வாசலிலேயே நிறுத்தித் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“மாத்திரையையும் நிறுத்திட்டா மிஸ். நாலு நாளாச்சு. என்ன சொன்னாலும் கேக்கல. நீங்க சொன்னா கேப்பா.”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே மாத்திரை பற்றிச் சொல்லத் தயக்கமாக இருந்தது. எல்லாரும் ஒருநாள் புரிந்துகொள்வார்கள், சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க மாறுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

“நீங்க சொல்லிக்கொடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் என் பக்கத்துலதான் மிஸ் உட்கார்ந்திருந்தாங்க.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். என் வாயிலிருந்து மாத்திரை என்ற சொல் வரும் என்று சித்தி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடினேன்.