லேப்டாப் யாருக்கு?

'எனக்குத்தான். சட்டம் படிக்கப் போறேன்.'

இதை அவள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஒருமுறை அலட்சியமாக, ஒருமுறை சிரித்துக்கொண்டே, ஒருமுறை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாடுவதுபோல. கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் வந்தது.

தெருவில் அவளுக்கு மருந்தக்கா என்று பெயர். மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, சாப்பாட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்று பாதி ஊருக்குச் சொல்லி அனுப்புகிறவள். கல்யாணத்துக்கு முன் வாங்கிய பட்டம் ஒன்று அலமாரியில் புடவைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியது மகள்.

மகள் கல்லூரி முடித்துவிட்டு, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ராப்பகலாகப் படித்தாள். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவளுக்குக் கேள்வி கேட்கும் வேலை அம்மாவுடையது. கேட்டுக் கேட்டு, பதில்கள் அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டன. "தனியாப் போக பயமா இருக்கு. துணைக்கு நீயும் எழுதேன்மா" என்றாள் மகள். சினிமாவுக்குத் துணைக்குப் போகிற மாதிரிதான் இவளும் போய் உட்கார்ந்தாள்.

துணைக்குப் போனவளுக்கு இடம் கிடைத்தது. படித்தவளுக்குக் கிடைக்கவில்லை.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மாடிவீட்டு அக்காவிடம் போயும் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஒழுங்காப் போய்ச் சேரு. நீயும் போகலன்னா ரெண்டு பேர் படிச்சதும் வீண்" என்றாள். மருந்துக்கடையில் அம்மாவின் இடத்தில் தானே நிற்பதாகவும் அடுத்த தடவை மறுபடி எழுதுவதாகவும் சொன்னாள். இவளுக்கோ மகளின் தட்டிலிருந்து சோற்றைப் பிடுங்கித் தின்றுவிட்டாற்போல இருந்தது. தனக்கு இடம் கிடைத்ததை வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். ரகசியம் காப்பதில் அவர் பஸ்ஸின் ஜன்னல் மாதிரி. எந்நேரமும் பாதி திறந்தே இருப்பார். மாடிவீட்டு அக்காவிடம் போய், "சட்டக் காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். உங்க மருமகன் கடையில நல்லதா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். யார் படிக்கப்போகிறார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, மாடிவீட்டு அக்காவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

"நானும் வரேன். நான் வந்தாத்தான் அவன் ஒழுங்கா எடுத்துக் காட்டுவான்" என்று மாடிவீட்டு அக்கா புடவை மாற்றிக்கொண்டு தாயோடும் மகளோடும் கிளம்பிவிட்டார்.

கடையில் அந்த மருமகன் இருக்கைகளைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டான். "சொல்லுங்க ஆன்ட்டி. யாருக்கு லேப்டாப்?"

மாடிவீட்டு அக்கா கண்கள் மின்ன மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நடுவில் புகுந்து 'எனக்குத்தான்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பாப்பாவுக்குத்தான்" என்றாள் அவள். "சட்டம் படிக்கப் போறா."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்றே உறைத்தது.

"பாத்தியா! எனக்கு அன்னைக்கே தெரியும்!" மாடிவீட்டு அக்கா எழுந்து மகளைக் கட்டிக்கொண்டார். "கெடைக்கலன்னு எங்கிட்ட வந்து எப்படி அழுதே! நான் என்ன சொன்னேன்? லேட்டாத்தான் வரும்னு சொன்னேன்ல?"

அந்த அணைப்புக்குள்ளிருந்து மகள் அம்மாவைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது, தெரிந்தவர் ஒருவர் குடையுடன் கடந்து போவதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"ஆமா பெரியம்மா" என்றாள் மகள். "லேட்டாத்தான் வந்துச்சு."

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. மருமகன் கடைவிரித்தான். இது நல்ல கலர், இதில் பாட்டு அருமையாகக் கேட்கும், இதில் விளையாட்டு சூப்பராக ஓடும். மகள் எல்லாவற்றையும் ஒதுக்கினாள்.

"எழுத்து பெருசாத் தெரியணும். ரொம்ப நேரம் படிச்சாலும் கண்ணு எரியக்கூடாது."

"உனக்கென்னம்மா, கழுகுக் கண்ணு! கண்ணாடி கூடப் போடல."

"போடற மாதிரி ஆயிடக் கூடாதுல்ல" என்றாள் மகள். "அப்புறம் வெயிட் கம்மியா இருக்கணும். வலது தோள்ல வலி."

"இந்த வயசுலயேவா?"

"எங்க குடும்பத்து வியாதி."

மாடிவீட்டு அக்கா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மகள் தனக்காகக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் அம்மாவின் கண், அம்மாவின் தோள். கல்லூரியில் தேர்வை லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு, அது எல்லா லேப்டாப்பிலும் ஓடாது என்று கேட்டுவைத்திருந்ததும் மகள்தான். அதையும் மறக்காமல் விசாரித்தாள். கடைசியில் ஒரு சாம்பல் நிற லேப்டாப் தேறியது. மகள் அதில் நாலு வரி தட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கும் விரல் குறுகுறுத்தது. மெல்ல அந்த விசைகளின் மேல் கையை வைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க உக்காருங்க. பாப்பா பாத்துக்கும்" என்று மருமகன் அன்பாகச் சொன்னான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவே எல்லாம் போட்டுக் குடுத்துடறேன். பாப்பா, இந்த கேமராவப் பாரு. உன் முகத்தப் பாத்தாத்தான் தொறக்கும். திருடன் எடுத்துட்டுப் போனாலும் வெறும் தட்டுதான். முகம் ஒத்து வரலன்னா போடறதுக்கு ஒரு பின் நம்பரும் வச்சுக்கோ."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'நிறுத்துப்பா, அது என் முகம்' என்று. மகள் ஒரு கணம் திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டு, அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கேமராவின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றான் மருமகன்.

மகள் சிரித்தாள். திரையில் அவள் பெயர் வந்தது.

திரும்பி வரும்போது மாடிவீட்டு அக்கா பஸ்ஸில் இடம் பிடித்துத் தூங்கிவிட்டார். தாயும் மகளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப் பெட்டி இருவர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது.

"உனக்கு அவ்ளோ கேவலமாவா இருக்கு?" என்று மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்படி இல்ல பாப்பா. அவங்க உன்னையே பாத்துட்டு இருந்தாங்க. திடீர்னு வாயில…"

"எனக்குக் கெடைக்கலங்கறத இப்பத்தான்மா கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டு இருந்தேன். நீ அதக் கெடைச்சுதுன்னு சொல்லி மறுபடி வெளிய எடுத்துட்டே."

மருந்துக்கடையில் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு மாத்திரை இருக்கும். இதற்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள், "பெட்டியக் குடு. என் முகத்த எடுத்துட்டு உன் முகத்தப் போட்டுடறேன்" என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைத் திறந்தால் மகளின் அந்தக் கடைச் சிரிப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது.

"என்ன வக்கீலம்மா, இன்னும் பிரிக்கவே இல்லையா?" என்று கணவர் தினமும் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க. மாடிக்குக் கேக்கும்."

"கேட்டா என்ன? நான் என்ன பக்கத்து வீட்டுப் பொம்பளையவா கூப்பிட்டேன்? கட்டின பொண்டாட்டியத்தானே கூப்பிட்டேன்" என்று அவர் இன்னும் சத்தமாகச் சொல்வார். அவருடைய வாயைப் பொத்த அவளுக்கு இரண்டு கையும் போதாது.

கல்லூரி திறந்த அன்று காலை அவர்தான் பையில் லேப்டாப்பை எடுத்து வைத்தார். தோளில் மாட்டிவிட்டு, வலிக்கிற தோள் என்று ஞாபகம் வந்து, கழற்றி மறு தோளில் மாட்டிவிட்டார். "மத்தவன் எல்லாம் பொடிப் பசங்க. நீ நாலு பேருக்கு மாத்திரை குடுத்தவ. பயப்படாதே" என்றார். மகள் அதற்குள் மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

முதல் வேலையே தேர்வு மென்பொருளை ஏற்றுவதுதானாம். நீண்ட கூடத்தில் வரிசையாக மேசைகள். எல்லோரும் லேப்டாப்பைத் திறந்தார்கள். அவளும் திறந்தாள்.

திரையில் மகளின் பெயர். அதற்குக் கீழே ஒரு சின்னக் கண், யாரையோ தேடுவதுபோல உருண்டது. அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, முகம் பொருந்தவில்லை என்றது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பொருந்தவில்லை. முடியை ஒதுக்கி, கன்னத்தை இழுத்து, கடையில் மகள் சிரித்ததுபோலச் சிரித்துக்கூடப் பார்த்தாள். பெற்ற மகளின் ஜாடை கொஞ்சமாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை. பக்கத்து மேசைப் பையன் வாயை மூடிக்கொண்டு குனிந்தான்.

மென்பொருள் ஏற்றும் ஊழியர் அருகில் வந்தார். திரையில் இருந்த பெயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணுக்காக வந்தீங்களாம்மா? பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய உக்காரணும். பொண்ண வரச் சொல்லுங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே போக வழியும் விட்டு நின்றார். அதைவிடக் கேவலம், அவள் உண்மையிலேயே எழுந்துவிட்டாள். பையைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். வாசல் வரை நடந்துபோய் அங்கிருந்துதான் மகளுக்குப் போன் செய்தாள்.

"பாப்பா, அந்தப் பின் நம்பர் என்ன?" என்று கிசுகிசுத்தாள்.

மருந்துக்கடையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"அம்மா. இங்க மாடிவீட்டுப் பெரியம்மா நிக்கறாங்க. இருமல் மருந்துக்கு வந்திருக்காங்க. காலேஜ் தொறந்தாச்சே, நீ ஏன் போகாம இங்க நிக்கறேன்னு கேக்கறாங்க." அவள் குரல் தாழ்ந்து, கொஞ்சம் உடைந்தது. "நான் என்னம்மா சொல்லட்டும்? உடம்பு சரியில்லன்னு சொல்லட்டுமா? இன்னைக்குச் சொல்லிடலாம். நாளைக்கு?"

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் குனிந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே மரத்தடியில் நிஜமான அம்மா அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய்ப் பேசினால் யாருக்கும் கேட்காது. அப்படி யாருக்கும் கேட்காதபடியே உண்மையை வைத்திருந்ததால்தான், மகள் இப்போது கடையில் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

அவள் திரும்பி நடந்தாள். தன் மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். காது மடல் இரண்டும் நெருப்பாகக் கொதித்தன.

"போன ஸ்பீக்கர்ல போடு பாப்பா."

"எதுக்கு?"

"போடு."

மருமகன் கடையில் வராத குரல் இப்போது அளவுக்கு மீறியே வந்தது. காது கொஞ்சம் மந்தமான கிழவர்களுக்கு மருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். "அக்கா! நான்தான் பேசறேன். சட்டம் படிக்கறது பாப்பா இல்ல, நான். நுழைவுத் தேர்வுல அவளுக்குக் கெடைக்கல, எனக்குத்தான் கெடைச்சுது. லேப்டாப்பும் எனக்குத்தான் வாங்கினது. இந்த வயசுல படிக்கப் போறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அவ தலையில கட்டிட்டேன். அவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

கூடத்தில் கீபோர்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. பக்கத்து மேசைப் பையன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

போனில் மாடிவீட்டு அக்காவின் குரல் வந்தது. "ஐயையோ, நான் இந்தப் பொண்ணக் கட்டிப் புடிச்சு என்னென்னமோ பேசினேனேடி! ஏன் பாப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கொஞ்ச நேரம் இருமல். "அது சரி, நீ வக்கீலாப் போயிட்டா என் இருமலுக்கு யாருடி பதில் சொல்றது?"

"நான் இருக்கேன் பெரியம்மா" என்றாள் மகள். "சாப்பிட்டுட்டு ஒரு மூடி. தண்ணி கலக்காதீங்க."

பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு பின் நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி.

லேப்டாப் திறந்தது. ஊழியர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா, நான் வேற மாதிரி…" என்று இழுத்தார்.

"நான்தானே எழுந்து போனேன்" என்றாள் அவள்.

"பேரு நீங்க சேர்ந்திருக்கற பேராவே இருக்கணும்மா. இல்லன்னா தேர்வு அன்னைக்கு உள்ள விடாது. பழைய பேர அழிச்சுட்டு உங்க பேரப் போடுங்க."

அவள் அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தாள். மகளின் பெயர், தானே ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த பெயர், எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து தேய்ந்து வந்தது. பாதியில் கை நின்றுவிட்டது. அழிப்பதும் தப்பு, விடுவதும் தப்பு என்பதுபோல. ஊழியர் வேறெங்கோ பார்ப்பதுபோலக் காத்திருந்தார். முதல் எழுத்தும் போன பிறகு வெறும் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதில் தன் பெயரைத் தட்டினாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். சிரிக்க வரவில்லை. சிவந்துபோன அந்த முகத்தையே அது எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் நேராக மருந்துக்கடைக்குப் போனாள். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ களிம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் போகும்வரை அவள் ஓரமாக, வாடிக்கையாளர்களோடு வாடிக்கையாளராக நின்றாள்.

"என் பேர அழிச்சுட்டியா?" என்று மகள் கேட்டாள்.

"அழிச்சுட்டேன் பாப்பா."

"அப்பாடா" என்றாள் மகள். முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் கல்லாவுக்கு உள்ளே இருந்த ஸ்டூலைக் காலால் அம்மாவின் பக்கம் தள்ளினாள். "உக்காரு. தோளு வலிக்குதா?"

"இல்ல" என்றாள் அவள். உடனே, "வலிக்குது" என்றாள்.