துஷாராவுக்கு அம்மன் வந்த பின்னேரம்

என் அக்கா துஷாராவின் குரலை மாத்தளையில் யாரும் புகழ்ந்ததில்லை. கொழும்பில் ஒபேரா என்ற மேற்கத்திய இசைநாடகம் பாடிய பதினொரு வருடமும் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "கொஞ்சம் குறைச்சுப் பாடுங்க" என்றார்கள். குறைக்கவா முடியும்? மைக் இல்லாமல் எழுபது வாத்தியங்களுக்கு மேலே கேட்க வேண்டிய குரல் அது. ட்ராமட்டிக் சொப்ரானோ என்று அதற்குப் பெயர். எட்டு மாதத்துக்கு முன் அவள் வீடு திரும்பியதிலிருந்து எங்கள் சந்தில் அதற்குத் தொல்லை என்று பெயர்.

ஜெர்மனியில் ஓர் ஒபேரா அரங்கம் வீடியோ கேட்டிருந்தது. ஆறு நிமிடம், எங்கும் வெட்டாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்று ஐந்து மணி கடைசி. வயதெல்லை முப்பத்தைந்து, அடுத்த மாதம் அக்காவுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் இனி இல்லை.

காலையிலிருந்து எட்டுத் தடவை எடுத்தோம். ஒன்றில் பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு, ஒன்றில் எதிரே இருக்கும் மிளகாய்த்தூள் மில்லின் இரைச்சல், மற்றதிலெல்லாம் எங்கள் சந்துச் சதீஸ்குமார் தன் கராஜில் ரிப்பேர் பார்த்து முறுக்கும் த்ரீவீல். போய்க் கெஞ்சினேன். "நாங்க பொழைக்க வேணாமா?" என்று இன்னும் முறுக்கினான். அவனை அப்படியே அறையலாம் போல இருந்தது.

நாலரைக்கு ஒன்பதாவது தடவை. அக்கா உச்சத்தைத் தொட்ட நேரம், பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையக்கா வேப்பிலையோடு எங்கள் வாசலுக்குப் பாய்ந்து வந்து, சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"துஷாராவுக்கு அம்மன் எறங்கிருச்சு! எல்லாரும் வாங்க!"

ஒன்பதாவதும் போச்சு. ஆனால் மில் நின்றது. கராஜ் நின்றது. முற்றம் நிறையக் கூட்டம். சதீஸ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சின்னப்பிள்ளையக்கா வீட்டிலிருந்து கற்பூரத் தட்டை எடுத்துவந்து, புகை அக்கா பக்கம் போகாமல் எட்டவே பிடித்துக்கொண்டு, "தாயே, என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன்.

"ஆறு நிமிஷம்," என்றாள் அம்மன். "ஒரு சத்தம் வரக் கூடாது. இருமக்கூடக் கூடாது."

போனில் ரெக்கார்டை அழுத்தினேன். அக்கா பாடினாள். யாரும் குறைக்கச் சொல்லாத அந்தக் குரலை அன்றுதான் நானும் முழுசாகக் கேட்டேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. அக்கா கையால் திருநீறு பூசிக்கொண்டு கூட்டம் கலைந்தது. சின்னப்பிள்ளையக்கா மட்டும் நின்றார். அக்காவுக்கு மனது கேட்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. எனக்கு அம்மன் ஒண்ணும் வரல."

"தெரியும் புள்ள." அவர் தட்டைக் கீழே வைத்தார். "எட்டு மாசமா செவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கேக்குறேன். கடைசிக்கு முன்னால அழுவுற மாதிரி இழுப்பியே, அங்க நானும் அழுதுருவேன். பொம்பள பாடுறா, சும்மா இருங்கன்னு சொன்னா இவனுங்க கேப்பானுங்களா?"